குடிக்காதவருக்கும் ஒரு கதிரை

பலேர்மோவில் நான் பார்த்துக்கொள்ளும் வயதான சிஞோராவின் பேத்தி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். போன வாரம் தோழிகளோடு போவதற்கு வியா மக்வேதா தெருப் பக்கம் நல்லதாக ஒரு பப் தேடிக்கொண்டிருந்தாள். பாட்டியின் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, இதில் பியர் வகை அதிகம், இதில் பாட்டு நல்லது, இதில் வெளிச்சம் படத்துக்கு அழகாக விழும் என்று கைபேசியைப் பார்த்துத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் சிஞோராவுக்குக் காலுறை மாட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பப் எது என்று என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என்னை யார் கேட்கப்போகிறார்கள்? வாழ்நாளில் ஒரு மிடறு வைன் குடிக்காத, கிளிநொச்சியிலிருந்து வந்த பெண்ணிடம் இதைக் கேட்கலாமென்று யாருக்கும் தோன்றாது. ஆனால் இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்குக் குடிக்கிறவர்களுக்கே தெரியாது.

எனக்குத் தெரிந்த இடம் துறைமுகத்துக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய தெருவில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. பழைய மரக்கதவு, அதற்குப் பின்னால் பாசிமணித் திரை. இங்குள்ளவர்கள் அதைத் தவெர்னா என்கிறார்கள். எங்கள் பக்கத்தில் கள் விற்கும் இடத்தைத் தவறணை என்போம். எந்தக் காலத்துக் கப்பல்காரனோ ஒரே சொல்லை இரண்டு கரையிலும் இறக்கிவிட்டுப் போயிருக்கிறான். எங்கள் ஆண்கள் பலேர்மோவுக்கு வந்திறங்கிய கையோடு அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுக்க எந்த வரிசையில் நிற்பதென்று தெரியாதவர்களுக்குக்கூட இந்தக் கதவு தெரிந்திருந்தது.

என் கணவர் துறைமுகத்தில் வேலை செய்தார். நாப்போலிக்கும் ஜெனோவாவுக்கும் போகும் கப்பல்களில் சாமான் ஏற்றுவதும் இறக்குவதும்தான் வேலை. வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு வியாழன் பின்னேரமும் ஞாயிறும் லீவு என்பது இந்த நாட்டில் பழைய வழக்கம். அதைப் பார்த்து அவரும் வியாழன் மத்தியானத்தோடு வேலை முடிகிற மாதிரி மாற்றி எடுத்துக்கொண்டார். பின்னேரத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து கழிப்பதற்காக என்று சொன்னார். நான் லிபெர்த்தா தெரு வீட்டில் சிஞோராவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, படுக்கவைத்துவிட்டு பஸ் பிடித்து வரும்போது அவர் ஏற்கெனவே தவெர்னாவில் இருப்பார்.

உள்ளே போய்க் கூப்பிடுவதென்ற பேச்சே இல்லை. எங்கள் பெண்கள் அந்தத் திரையைத் தாண்டினால் ஞாயிற்றுக்கிழமை எங்கள் சனம் சாந்தா ரொசாலியா கோயில் மலைக்கு ஏறும்போது பாதிவழிக்கு அதுதான் கதையாக இருக்கும். ஆகவே தெருமூலையில், எப்போதும் பூட்டியிருக்கும் ஒரு கயிற்றுக்கடை வாசலில் நிற்பேன். உள்ளேயிருந்து சத்தம் வரும். சீட்டை மேசையில் ஓங்கி அடிக்கும் சத்தம், கிழவர்கள் சிசிலிய மொழியில் ஒருவரையொருவர் ஏசும் சத்தம், நடுவில் எங்கள் ஆட்களின் தமிழ். எல்லாவற்றுக்கும் மேலே என் கணவரின் சிரிப்பு கேட்கும்.

அந்தச் சிரிப்பு வயிற்றிலிருந்து புறப்படும், பாதிவழியில் மூச்சு முட்டும், கடைசியில் இருமலில் போய் முடியும். கல்யாணமான புதிதில் நான் அதைக் கேட்டிருக்கிறேன். பிறகு சண்டை, இடப்பெயர்வு, முகாம், அதற்குப் பிறகு இந்தப் பயணம். எந்த இடத்தில் அது விழுந்துபோனதென்று எனக்குத் தெரியவில்லை. செத்தவர்களை நினைக்கிற எங்களுக்குச் சிரிப்பைத் தேட நேரமும் இருக்கவில்லை. போனது போனதுதான் என்றிருந்தேன். அந்த மூலையில் நின்றபோதுதான், அது எங்கேயும் போகவில்லை, என் வீட்டுக்கு மட்டும்தான் வருவதில்லை என்று தெரிந்தது.

அது ஓயும்வரை கேட்டுவிட்டுத்தான் கைபேசியில் அழைப்பேன். திரையை விலக்கிக்கொண்டு வரும்போது அவர் முகத்தில் சிரிப்பின் மிச்சம் இருக்கும். என்னைக் கண்டதும் லைற்றை நிற்பாட்டியது மாதிரி அது போய்விடும். நான் வாயே திறக்கமாட்டேன், அதற்குள் "வாறன், வாறன்" என்பார். அவரைக் கூப்பிட்டது பிழையென்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். கூப்பிடாவிட்டால் அந்த மனிசன் அங்கேயே குடியிருந்திருப்பார். ஆனாலும் அந்த முகம் மாறுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஊராருக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற சிரிப்பில் எனக்கென்று ஒரு கரண்டி மிஞ்சக் கூடாதா?

இதற்கு நடுவில் என்னுடைய கட்லட் கதை ஒன்று இருக்கிறது. வியாழக்கிழமைகளில் விடிய எழும்பி மீன் கட்லட் பொரிப்பேன். முதல் நாள் சந்தையில் வாங்கிய சார்டின் மீனை அவித்து முள்ளெடுத்து, உருளைக்கிழங்கும் பச்சைமிளகாயும் மிளகும் போட்டு உருட்டி, பாண்தூளில் புரட்டிப் பொரிக்கிறது. கப்பலில் தன்னோடு வேலை செய்கிறவர்களுக்கென்று சொல்லித்தான் அவர் கொண்டுபோவார். "பாவங்கள், வெறும் பாணும் சீஸும்தான் திண்டுகொண்டு திரியிறாங்கள்" என்பார். ஒருமுறை கட்லட் கொண்டுபோன சில்வர் தட்டு திரும்பி வரவில்லை. முகாமில் எங்களுக்குச் சோறு வாங்கிய தட்டு அது. விளிம்பில் ஒரு நெளிவு இருக்கும். கப்பலில் விடுபட்டுப்போச்சு, இந்நேரம் ஜெனோவாவில் நிற்கும் என்றார். அந்தத் தட்டுக்காக நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

பிறகு அவருடைய இதயத்தில் அடைப்பு வந்தது. குழாய் வைத்துக் காப்பாற்றிக் கொடுத்த டாக்டர், பாரம் தூக்கக் கூடாது, வைனோ பியரோ ஒரு சொட்டும் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்பதை மறைக்கமாட்டேன். இனி வியாழக்கிழமை என்னுடையது என்று நினைத்தேன்.

அது என்னுடையதாகத்தான் ஆனது. வீட்டுக்குப் போனால் அவர் குசினி ஜன்னலோரம் இருப்பார். காலையில் போட்ட தேத்தண்ணி ஆடை பிடித்துக் கிடக்கும். சாப்பிடுகிறீர்களா என்றால் ஓம், வேண்டாமா என்றாலும் ஓம். மகள் மிலானோவிலிருந்து வீடியோவில் வந்து அப்பா, அப்பா என்று கூப்பிட்டால் கையைக் காட்டிவிட்டு என்னிடம் தந்துவிடுவார். மருந்து சரியாக வேலை செய்தது. பரிசோதனை எல்லாம் நல்லதாக வந்தது. ஆனால் என் கண் முன்னால் அவர் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். பக்கத்திலேயே இருக்கும் ஒரு மனிசனுக்காக இப்படி ஏங்க முடியுமென்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

"கொஞ்சம் வெளியில போய்ப் பெடியளோட இருந்திட்டு வாங்கோவன்" என்று நானே சொல்லிப் பார்த்தேன். கூப்பிட்டு வெளியே எடுத்தவளே போகச் சொல்வதைக் கேட்டு அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார்.

"குடியாதவனுக்கு அங்கை என்ன வேலை?" என்றார்.

ஒரு வியாழன் பின்னேரம் பஸ்ஸால் இறங்கி, பழக்கத்தில் அந்தக் கயிற்றுக்கடை வாசலில் போய் நின்றுவிட்டேன். கூப்பிடுவதற்கு உள்ளே ஆளில்லை. சீட்டுச் சத்தம் கேட்டது, ஏச்சுக் கேட்டது, தமிழ் கேட்டது. அந்த ஒன்று மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டு தெருவில் நிற்பதைவிட உள்ளே போகலாம் என்று நினைத்தேன். மலைக்கு ஏறுகிறவர்கள் கதைத்தால் கதைக்கட்டும் என்று திரையை விலக்கினேன்.

எங்கள் ஆட்கள் என்னைக் கண்டதும் எழும்பி நின்றார்கள். ஒருவர் கிளாஸை மேசைக்குக் கீழே இறக்கினார். இன்னொருவர் தன்னுடையதைப் பக்கத்தில் இருந்த சிசிலியக் கிழவரின் முன்னால் தள்ளிவிட்டார். கிழவர் ஏனென்று கேட்காமல் எடுத்துக் குடித்தார்.

"அக்கா, அண்ணைக்கு ஏதும்...?" என்றார் கிளாஸைத் தள்ளியவர். அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"ஒண்டுமில்லைத் தம்பி. இருங்கோ."

கடைக்காரர் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் இத்தாலியனில் சுற்றிவளைக்காமல் கேட்டேன். என் கணவர் இங்கே வருகிறவர், இப்போது அவர் குடிக்கக் கூடாது, குடிக்காமல் வந்து சும்மா இருந்தால் உங்களுக்கு ஆட்சேபனையா என்றேன்.  அவர் மாட்டேன் என்றால் எனக்கு வேறு வழி தெரியாது.

கடைக்காரர் நான் கேட்டதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை. நான் யாரென்று எங்கள் ஆட்களிடம் விசாரித்தார். தெரிந்ததும் இரண்டு கையையும் விரித்து, "கட்லட் செய்கிற சிஞோரா நீங்களா!" என்றார். சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் திரும்பினார்கள். ஒருவர் தொப்பியை எடுத்தார்.

அந்தத் தவெர்னாவில் சமையல் இல்லை. சாப்பாட்டை வருகிறவர்கள் கொண்டுவர வேண்டும். ஒருவர் பாண், ஒருவர் ஒலிவ், ஒருவர் சந்தையில் அவித்து விற்கும் ஒக்டோபஸ் என்று வரும். எது வந்தாலும் நடு மேசைக்கு, எல்லோருக்கும் பொது. வியாழக்கிழமை நடு மேசை என் கணவருடையதாம். கப்பலில் வேலை செய்கிற பாவங்கள் என் கட்லட்டை ஒருநாளும் கண்டதில்லை. எங்கள் சார்டின் உருண்டையில் முந்திரிகை வற்றல் போடுவோம், இனிப்பாக இருக்கும், உங்களுடையது நாக்கைச் சுடும், ஆனாலும் விடமுடியாது என்று ஒரு கிழவர் சொன்னார். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து எதையோ எடுத்துத் துணியால் துடைத்து என் கையில் வைத்தார். ஜெனோவாவுக்குப் போன என்னுடைய தட்டு. விளிம்பில் அதே நெளிவு. என் கணவர் வராமல் போனதிலிருந்து ஒவ்வொரு வியாழனும் அதை எடுத்து வைப்பதும் வெறுமையாகத் திருப்பி வைப்பதுமாக இருக்கிறாராம்.

"எப்போது வருகிறார்?" என்று கேட்டார். நான் கேட்டதற்கு அதுதான் பதில்.

வீட்டுக்குப் போய்த் தட்டை அவர் முன்னால் வைத்தேன். அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது... எங்கையிருந்து?"

"ஜெனோவாவிலயிருந்து வந்தது."

"உள்ளுக்குப் போனனீரோ?"

"ஓம், போனனான்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் விளிம்பின் நெளிவை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஆர் ஆர் நிண்டவை?" என்று கேட்டார். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு மற்றவர்களைப் பற்றி அந்த வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அது. நான் ஒவ்வொருவராகச் சொன்னேன், கிளாஸைத் தள்ளியதையும் கிழவர் குடித்ததையும் சொன்னேன். உதட்டோரம் ஏதோ அசைந்தது. பிறகு திரும்ப இறுகிவிட்டது.

"உமக்கு விளங்காது. ஒருத்தன் எனக்கு ஒரு கிளாஸ் வாங்கித் தருவான். நான் வேண்டாம் எண்டோணும். அடுத்தது என்ரை முறை. நான் வாங்கிக் குடுத்தா, தான் தந்ததைக் குடியாதவன் தாறதை எப்பிடிக் குடிக்கிறது எண்டு அவன் தொடமாட்டான். முறை இல்லாதவன் அங்கை எப்பிடிக் குந்திறது?"

அவரைப் பிடித்து வைத்திருந்தது இதுதானென்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"உங்கடை முறை எப்பவும் இந்தத் தட்டுத்தானே" என்றேன். "டாக்டர் கட்லட் கொண்டு போகக்கூடாதெண்டு சொல்லேல்லையே."

 அடுத்த வியாழன் விடிய நான் குசினிக்குப் போனபோது மீன் அவித்து முள்ளெடுத்து வைத்திருந்தது.

பின்னேரம் மூலைவரைக்கும் கூடவே போனேன். தட்டைத் துணியால் மூடி இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கயிற்றுக்கடை வாசலில் நின்றுவிட்டார்.

"கொஞ்ச நேரத்தால ஃபோன் எடும். வெளிக்கிட ஒரு சாட்டு வேணும்" என்றார்.

ஓம் என்றேன். திரை விலகி மூடியது. கதிரை இழுபடும் சத்தம், கிழவர்களின் கூச்சல், பிறகு மெல்லும் அமைதி. சீட்டு அடிக்கும் சத்தம் தொடங்கியது. அவர் குரல் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் என்று அவர் சொன்னது எவ்வளவு நேரம் என்று தெரியாமல் கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அழைக்கவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். கால் உளைந்தது.

அப்போது அது வந்தது. வயிற்றிலிருந்து புறப்பட்டு, மூச்சு முட்டி, இருமலில் முடிந்தது. நான் கயிற்றுக்கடைக் கதவில் சாய்ந்துகொண்டேன். கைபேசியைக் கைப்பைக்குள் போட்டுவிட்டேன்.

நான் கூப்பிடாமலே திரை விலகியது. வெறும் தட்டோடு வெளியே வந்தார். சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. என்னைக் கண்டார். அது அணையப்போகிறதென்று நான் என்னைத் திடப்படுத்திக்கொண்டேன்.

அணையவில்லை.

"இஞ்சேர், வீட்டை இன்னும் கட்லட் கிடக்கே? உவங்கள் முழுக்கத் திண்டிட்டாங்கள்" என்றார், அதே முகத்தோடு, என்னைப் பார்த்து.