மல்லிகாக்காவின் மஞ்சள் அட்டை

போன வாரம் திருமயத்துப் பக்கம் ஒரு கல்யாணம். பந்திக்குக் காத்திருந்தபோது பக்கத்து நாற்காலிக்காரர் என்ன தொழில் என்று விசாரித்தார். டிசைனர் என்றதும், கடைக்கு ஒரு போர்டு வைக்க வேண்டும் என்றார். விடுவேனா? சட்டைப் பையிலிருந்து என் விசிட்டிங் கார்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் அதைத் தொடையில் வைத்து போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, "இந்தாங்கண்ணே, ஏறிருச்சு" என்று கார்டை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். ஊருக்கெல்லாம் கார்டு அடித்துக் கொடுத்தவன் நான். கொடுத்த கார்டு திரும்பி வந்து பார்த்ததில்லை. பந்தியில் உட்காரச் சொல்லிக் கூப்பிடும்வரை அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

பழக்கதோஷத்தில் அதை மோந்தும் பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. முன்பெல்லாம் புதுக் கார்டுக் கட்டைப் பிரித்தால் மையும் தின்னரும் கலந்த நெடி ஒன்று குப்பென்று ஏறும். தலைவலிக்கும்தான், ஆனால் எனக்கு அந்தத் தலைவலி பிடிக்கும். செல்போன் பரவ ஆரம்பித்த அந்த வருஷங்களில் பொன்னமராவதியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்த்தேன். மாடியில் ஒரே அறை, ஒரு கம்ப்யூட்டர், வெயில் காலத்தில் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஃபேன். டிசைனர் என்று என்னை நானே அழைத்துக்கொள்வேன். ஒரு கார்டில் ஐந்து வகை எழுத்து, நாலு மூலையிலும் ரோஜாப்பூ, நடுவில் வானவில் கலர். அப்படிப் போட்டால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

முதலாளி நல்ல மனிதர். ஆனால் கார்டு விஷயத்தில் அவருக்கு ஒரே ஒரு சட்டம். மேலே சாமி படம் இருக்க வேண்டும். "சாமி படத்த எவனாச்சும் குப்பையில போடுவானா? காலத்துக்கும் வச்சுக்குவான்ப்பா" என்பார். யோசித்தால் சரிதானே? சாமி படம் போட்ட கல்யாணப் பத்திரிகையையே நம் ஆட்கள் தூக்கிப் போட மாட்டார்கள். ஆகவே பிராய்லர் கடைக்காரர் கார்டில் மேலே பிள்ளையார், கீழே கோழி. இரண்டு பேருக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விடுவது மட்டும் என் பொறுப்பு.

அந்தச் சமயத்தில்தான் மல்லிகாக்கா மாடி ஏறி வந்தார். அவருடைய வீட்டுக்காரர் எரிந்துபோன தோட்டத்து மோட்டார்களுக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். அவர் தவறிப்போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. கூடவே உட்கார்ந்து கட்டிக் கட்டி அக்காவுக்கும் தொழில் அத்துப்படி. ஆனால் அவர் போனதோடு கடையும் போய்விட்டது என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்கள். மோட்டார் கெட்டால் புதுக்கோட்டையிலிருந்து ஆள் வரவழைத்தார்கள்.

"எங்கண்ணன் திருப்பூருக்கு வந்துருன்னு ஒத்தக்கால்ல நிக்கிது தம்பி. பனியன் கம்பெனியில சேத்து விடுதாம். பொங்கலுக்கு இங்க வருது. அதுக்குள்ள போன் அடிச்சா இருப்பேன். அடிக்கலன்னா கடையப் பூட்டிட்டுப் போயிருவேன். பாத்துப் போடுங்க" என்றார்.

கேட்டதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. பாதிக் கார்டுக்கு அய்யனாரைக் குதிரையோடு நிறுத்தினேன். முதலாளி எட்டிப் பார்த்து, "பொம்பளப் பேரப் பெருசாப் போடாத, ஆளு நம்ப மாட்டான்" என்றார். பெயரைச் சின்னதாக்கினேன். நம்பரை அய்யனாரின் காலடியில் வைத்தேன். அத்தனை ஊரிலும் அக்கா வீடு வீடாகப் போய்க் கொடுத்தார். எல்லாரும் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்களாம். கேட்டு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

போன்தான் அடிக்கவில்லை.

மார்கழி பிறக்கும் நேரத்தில் அக்கா மறுபடி மாடி ஏறினார். வந்த கோபத்தில் மூச்சு வாங்கியது. சொல்ல ஆரம்பித்தவர் பாதியிலேயே சிரித்துவிட்டார். ஒரு வீட்டில் துக்கம் கேட்கப் போயிருக்கிறார். தண்ணீர் குடிக்க உள்ளே போனால், சாமி அறையில் லட்சுமி படத்துக்குப் பக்கத்தில் அவருடைய கார்டு. சந்தனம் வைத்து, அதற்கு மேல் குங்குமம் வைத்து, ஒரு துளசிக் கொழுந்தும் சொருகியிருந்தார்களாம்.

"அய்யனாரு காலுக்குப் பொட்டு வச்சிருக்காக தம்பி. பொட்டுக்கு அடியில என் நம்பரு! அதே வீட்ல போன வாரம் மோட்டாரு எரிஞ்சு புதுக்கோட்டை ஆளு வந்து போயிருக்கான். என்னக்கா இப்புடின்னு கேட்டா, 'சாமியப் போயி எப்புடித்தா தொடுறது'ங்கிறாக. எல்லாரு வீட்லயும் என்னையக் கும்புட்டுக்கிட்டுத்தான் இருக்காக. கூப்புடத்தான் ஆளில்ல."

சிரித்து முடித்ததும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொங்கலுக்கு அதிக நாளில்லை.

"மோட்டார் ஓடலைன்னா மனுசன் மொதல்ல எங்கக்கா நிப்பான்?" என்று கேட்டேன். ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் கேட்டேன்.

"ஸ்டார்ட்டர் பொட்டிக்கு முன்னாடிதான். நின்னு அதைய நாலு தட்டுத் தட்டுவான்."

அவ்வளவுதான், விடை கிடைத்துவிட்டது. கார்டு இருக்க வேண்டிய இடம் சாமி அறையும் இல்லை, சட்டைப் பையும் இல்லை, மோட்டார் ரூம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கெட்டி மஞ்சள் அட்டை, மழைக்கு லேமினேஷன், ஆணியில் மாட்ட ஒரு ஓட்டை, ஒரு கயிறு. ரோஜாப்பூ கிடையாது. ஒரே வகை எழுத்து. எனக்கு அது கொஞ்சம் வலித்தது. அய்யனாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவரையும் எடுத்தேன். ஆனால் வெறும் பேரும் நம்பரும் போட்டால் யார் மாட்டி வைப்பார்கள்? அக்கா சொல்லச் சொல்ல நான் தட்டினேன். ஈரக் கையோடு தொடாதீர்கள். மூன்று விளக்கும் எரிகிறதா பாருங்கள். பீஸ் போயிருக்கிறதா பாருங்கள். சிவப்புப் பொத்தானை ஒரு தடவை அமுக்கிவிட்டுப் பச்சையை அமுக்குங்கள். அப்படியும் ஓடவில்லையா? அதற்குக் கீழே, தூரத்திலிருந்தே தெரிகிற அளவில், மல்லிகா. பக்கத்தில் நம்பர்.

முதலாளி தலையில் கை வைத்தார். "வைத்தியத்த அட்டையிலயே எழுதிக் குடுத்துட்டா அந்தம்மாவ எவன் கூப்புடுவான்? சாமியையும் எடுத்துட்ட. பேரையும் இம்புட்டுப் பெருசாப் போட்டுட்ட."

"பீஸ் போனதுக்கெல்லாம் நானும் வண்டிய எடுத்துக்கிட்டு அலைய முடியாது மொதலாளி. நெசமாவே எரிஞ்சா கூப்புடட்டும்" என்றார் அக்கா.

இந்தத் தடவை அவர் யார் கையிலும் கொடுக்கவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய் அவரே ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஆணி அடித்து மாட்டிவிட்டு வந்தார். மாட்டிய மறுநாளே முதல் போன். மோட்டார் கெட்டதற்கல்ல. அட்டையில் போட்டபடி பொத்தானை அமுக்கினேன், ஓடிருச்சு, ரொம்ப நன்றி என்று சொல்ல ஒருவர் கூப்பிட்டாராம். முதலாளி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நன்றி சொன்ன அதே ஆள் அடுத்த வாரம், "யாத்தா, இது நெசமாவே எரிஞ்சு போச்சு, நீயே வா" என்று கூப்பிட்டார். அதற்கப்புறம் நிற்கவில்லை. ஓசியில் வழி சொன்னவர் ஏமாற்ற மாட்டார் என்று ஊர் நம்பிவிட்டது.

பொங்கலுக்கு அண்ணன் திருப்பூரிலிருந்து வந்தார். தங்கச்சியை உட்கார வைத்துப் பேச்சை எடுத்தபோதெல்லாம் போன் அடித்தது. "இந்தா வாரேண்ணே" என்று அக்கா பையைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் அண்ணன் வந்த பஸ்ஸிலேயே தனியாகத் திரும்பிப் போனார். அன்று அக்கா மாடிக்கு ஒரு தூக்குச்சட்டி நிறையச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்தார். அப்படி ஒரு சந்தோஷத்தை எனக்கு எந்தச் சம்பளமும் தந்ததில்லை.

என் கொடியும் பறந்தது. "மோட்டார் அட்டை போட்ட தம்பி யாரு?" என்று கடலோரக் கட்டுமாவடியிலிருந்து ஒரு மீன் வியாபாரி தேடிக்கொண்டு வந்தார். கடலில்லாத எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மீனுக்கு மீன் வித்தியாசம் தெரியாது. ஆகவே அவருக்கு மீன்களின் படம் வரைந்து, பேர் போட்டு, குழம்புக்கா வறுவலுக்கா என்றும் போட்டேன். அடுப்படிக் கதவுகளில் அது வருஷக்கணக்கில் தொங்கியது. முதலாளி வருகிறவரிடமெல்லாம், "சாமி படம் வேண்டாங்க, இப்ப அதெல்லாம் ஓடாது" என்று தானே கண்டுபிடித்ததுபோலச் சொல்வார்.

அந்தக் கல்யாணத்துக்கு மறுநாள் ஒரு வேலையாகப் பொன்னமராவதிப் பக்கம் போயிருந்தேன். வழியில் ஒரு மோட்டார் ரூம் திறந்து கிடந்தது. கால் சும்மா இருக்குமா? உள்ளே எட்டிப் பார்த்தேன். ஸ்டார்ட்டர் பக்கத்தில் ஆணியில் என் அட்டை. மஞ்சள் வெளுத்து வெள்ளையாகியிருந்தது. பேர் இல்லை, நம்பர் இல்லை, ஒரு எழுத்தும் மிச்சமில்லை. வரப்பில் நின்ற தோட்டக்காரர் என்ன வேண்டும் என்று வந்தார்.

"எழுத்தே இல்லையே, மோட்டார் கெட்டா எப்புடிங்க கூப்புடுவீங்க?" என்றேன்.

"யாரு, மல்லிகாக்காவையா? அதுக்கு எதுக்கு எழுத்து?" என்றவர், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, பத்து எண்ணையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தார். ஓரிடத்தில்கூடத் தடுக்கவில்லை. "தெனம் மோட்டாரு போடயில பாத்துப் பாத்து ஏறிப்போச்சு. அந்த ஒரு நம்பருதான். எம் பொண்டாட்டி நம்பரக் கேட்டீகன்னா போனப் பாத்துத்தான் சொல்லணும்."

எனக்கு என் மனைவியின் நம்பரை நினைவுபடுத்திப் பார்க்கத் தோன்றியது. நடுவில் எங்கோ நின்றுபோனது. இப்போது யார் நம்பரும் யாருக்கும் மனப்பாடமில்லை. அவர் மட்டும், கேட்காமலேயே, இன்னொரு தடவை சத்தமாகச் சொல்லிக் காட்டினார்.