இருப்பில் இல்லாத பெஞ்சு

பிலவேந்திரன் அண்ணனுக்காக ஐந்து வருஷத்தில் நான் டைப் அடித்துக் கொடுத்த மனுக்கள் முப்பத்தொன்று. முப்பத்தொன்றிலும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: என் பெயரை மறுபடியும் லிஸ்டில் சேருங்கள். அதைச் செய்ய ஓர் ஆள் இல்லை இந்த நாட்டில். எழுத உட்காரும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. வரட்டும், நான் என்ன மனுவா எழுதுகிறேன், பணிவாக இருப்பதற்கு!

என் பெயர் லூர்து மேரி. மொரப்பூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே டைப் இன்ஸ்டிடியூட் வைத்திருக்கிறேன். பிலவேந்திரன் கம்பைநல்லூர்க்காரர். கேழ்வரகும் சோளமும் விதைக்கிற குடும்பம். அண்ணன் தம்பி நான்கு பேருக்கு நிலம் பத்தாது என்று மிஷன் தொழிற்பள்ளியில் தச்சு வேலை கற்றுக்கொண்டு, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் பட்டறை போட்டவர். அதிகம் பேச மாட்டார். கோபம் வந்தால் காது மடல் மட்டும் சிவக்கும். அவருக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன். "டீச்சர், நீங்க கொஞ்சம் மெதுவாங்க" என்று என்னைச் சமாதானப்படுத்துவார். அநியாயம் நடந்தது அவருக்கு, சமாதானம் எனக்கு!

பள்ளிக்கூட பெஞ்சுதான் அவருடைய பிழைப்பு. அரசாங்கத்துக்குச் சாமான் கொடுக்க நினைக்கிறவரின் பெயர் முதலில் ஆபீஸ் லிஸ்டில் இருக்க வேண்டும். லிஸ்டில் இருப்பவர்தான் டெண்டர் போடலாம். டெண்டரோடு மாதிரிக்கு ஒரு பெஞ்சும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆபீஸ்காரர்களே அதைப் பரிசோதித்து, பிடித்திருந்தால் ஆர்டர் தருவார்கள். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடம், மாணவர் விடுதி, ஊராட்சி ஒன்றியம் எல்லோரும் அந்த ஒரே லிஸ்டைப் பார்த்துத்தான் சாமான் வாங்குவார்கள். அதில் பெயர் இல்லையென்றால், தச்சன் கல்யாண வீட்டுக்குக் கட்டில் செய்துகொண்டு உட்கார வேண்டியதுதான். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப்போவதில்லை. தர்மபுரியில் ஓர் ஆபீஸ், அவ்வளவு போதும்.

எண்பத்திரண்டில் ஒரு பெரிய டெண்டர் வந்தது. முந்நூறு பெஞ்சு. அண்ணன் பதினைந்து நாள் உட்கார்ந்து மாதிரி பெஞ்சைச் செய்தார். நன்றாகக் காய்ந்த வேப்பம் பலகை. ஓர் ஆணி கிடையாது, கட்டை நுனியைக் கழுந்தாகச் செதுக்கித் துளையில் செருகி இறுக்கியது. பலகைக்கு அடியில், கம்பியைக் காய்ச்சி ஒரு சின்னச் சிலுவையும் பக்கத்தில் 'பி' என்ற எழுத்தும் சுட்டு வைத்தார். அவர் பட்டறையிலிருந்து போகிற எல்லாச் சாமானுக்கும் அந்த அடையாளம் உண்டு. பஸ் மேலே கட்டிக்கொண்டு தர்மபுரி போகிற வழியில் என்னிடம் வந்து, "மூணு பேரு ஏறிக் குதிச்சாலும் அசையாதுங்க டீச்சர்" என்றார். அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. 'தாங்கள் அளித்த மாதிரி உறுதியற்றது எனக் கண்டறியப்பட்டதால் தங்கள் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படுகிறது.' ஆர்டர் வேறொருவருக்குப் போயிற்று. யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, தெரியாததை எழுத மாட்டேன். ஆனால் அந்த ஆள் கொடுத்த பெஞ்சுகள் கம்பைநல்லூர் பள்ளிக்கூடத்தில் தீபாவளிக்குள் கால் ஆடின என்பது ஊருக்கே தெரியும். பிள்ளைகளின் பாவாடை ஆணியில் மாட்டிக் கிழிந்தது. ஒரு டீச்சரம்மா பிலவேந்திரன் அண்ணனையே கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னார். அவரும் போய்ச் சரிசெய்துவிட்டு வந்தார்.

"சரிங்க, ஆர்டர் போச்சு. மாதிரியாவது திருப்பிக் குடுங்க" என்று கேட்க அண்ணன் தர்மபுரி போனார். வேலைப்பாட்டில் எங்கே குறை என்று தாமே பார்க்க வேண்டுமாம். அங்கே இருந்த குமாஸ்தா, "மாதிரியா? அதெல்லாம் எப்பவோ கழிச்சாச்சுங்க. சூப்பிரண்டு வர நேரமாகும். அந்த பெஞ்சுல ஒக்காருங்க" என்று வராந்தாவைக் காட்டினார்.

அண்ணன் உட்கார்ந்தார். அவருக்கு ஒரு பழக்கம், எதில் உட்கார்ந்தாலும் கை தானாகப் பலகைக்கு அடியில் போய்த் தடவும். தடவியது. சிலுவை. பக்கத்தில் 'பி'.

அன்றைக்கு அவர் நேரே என் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். காது மடல் இரண்டும் செக்கச்செவேல். "டீச்சர், என்னோட பெஞ்சு மேல அஞ்சு பேரு ஒக்காந்திருக்காங்க. பக்கத்துல ஒரு நெல்லு மூட்டை வேற. அது உறுதியில்லீன்னு எழுதினவரு அது எதிர்க்கதான் தினமும் நடந்து போறாரு" என்றார். நான் அப்போதே மிஷினில் பேப்பரைச் செருகினேன். அதுதான் முதல் மனு.

அதற்கப்புறம் நடந்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு மனுவை மேலதிகாரிக்கு அனுப்புவோம். அவர் அதன் மூலையில் 'தக்க நடவடிக்கைக்கு' என்று எழுதிக் கீழே அனுப்புவார். கீழே என்றால் யார்? எந்த ஆபீஸ் மேல் புகாரோ அதே ஆபீஸ். எந்த சூப்பிரண்டு தள்ளினாரோ அதே சூப்பிரண்டு தீர்த்தகிரி. வாங்குகிறவர் அவர், பரிசோதிப்பவர் அவர், தள்ளுகிறவர் அவர், தள்ளியது சரிதானா என்று விசாரிக்கிறவரும் அவர்! கலெக்டருக்கு எழுதினோம், அங்கிருந்தும் தீர்த்தகிரியிடம் வந்தது. மெட்ராஸுக்கு எழுதினோம், நான்கு மாதம் ஊர் சுற்றிவிட்டு அதுவும் தீர்த்தகிரியிடமே வந்தது. ஒவ்வொரு தடவையும் 'பரிசீலிக்கப்பட்டு ஏற்க இயலவில்லை' என்று ஒரு வரி. பட்டறையில் இருந்த இரண்டு ஆட்களும் பெங்களூருக்கு வேலை தேடிப் போய்விட்டார்கள். அண்ணன் மனைவி மதலேனம்மாள் ஒருநாள் என்னிடமே வந்து சண்டை பிடித்தாள். "நீ டைப் அடிக்கறதுனாலதான் இவரு எழுதிக்கிட்டே கெடக்கறாரு. மிஷின மூடி வையி, என் வூட்டுல அடுப்பு எரியட்டும்." அவள் சொன்னதிலும் தப்பில்லை. நான் மிஷினை மூடவும் இல்லை.

எண்பத்தேழில் அண்ணன் ஒரு யோசனையோடு வந்தார். "டீச்சர், எதுத்தாப்ல ஸ்டேஷனப் பாருங்க. டிக்கெட் குடுக்கறவரு ஒருத்தரு, வண்டியில ஏறி செக் பண்றவரு வேற ஒருத்தரு. ரெண்டும் ஒரே ஆளா இருக்காது. ரயிலுக்கே இப்படி வச்சிருக்காங்க, சாமான் வாங்கறதுக்கு வைக்காமயா இருப்பாங்க? டெல்லியில நிச்சயமா ஒரு ஆபீஸ் இருக்கும். நமக்குத்தான் பேரு தெரியல."

எனக்கும் சரி என்றே பட்டது. வாங்குகிற ஆபீசுகளுக்கெல்லாம் மேலே, தான் எதையும் வாங்காத ஓர் ஆபீஸ் இல்லாமல் எப்படி இவ்வளவு பெரிய தேசம் நடக்கும்? பெயர் தெரியாததால் உறையின் மேல் இப்படித்தான் அடித்தேன்: 'எதையும் வாங்காமல், வாங்குகிறவர்களைக் கண்காணிக்கும் அலுவலகம், புதுடெல்லி.' இங்கிலீஷிலும் அதையே அடித்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. தபால்காரர் என்ன செய்வார் பாவம்!

அப்படி ஓர் ஆபீஸ் இல்லை. ஆனால் அந்த மனு தொலையவில்லை, அதுதான் கொடுமை. டெல்லியில் யாரோ பிரித்து மெட்ராஸுக்கு அனுப்பினார்கள், மெட்ராஸ் தர்மபுரிக்கு அனுப்பியது. ஏழு முத்திரையோடு தீர்த்தகிரியின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. டெல்லி முத்திரையைப் பார்த்துப் பயந்திருப்பார் போல, இந்தத் தடவை பதில் நீளமாகவே வந்தது. 'மனுதாரர் குறிப்பிடும் பெஞ்சு இவ்வலுவலக இருப்புப் பதிவேட்டில் இல்லை. அத்தகைய பெஞ்சு எதுவும் இவ்வலுவலகத்தில் இல்லை எனத் தெரிவிக்கப்படுகிறது. மனு முடித்து வைக்கப்படுகிறது.'

கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் தர்மபுரிக்குப் புறப்பட்டார். "நானும் வர்றேண்ணா" என்று கூடவே கிளம்பிவிட்டேன். தர்மபுரி போய்ச் சேரப் பதினொரு மணி ஆயிற்று. வராந்தாவில் பெஞ்சு அப்படியே இருந்தது. ஐந்து வருஷ வேர்வையில் பலகை வழுவழுவென்று ஆகியிருந்தது. இரண்டு கிழவிகள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பெஞ்சு இல்லை என்கிற கடிதத்தை இன்னொரு தடவை படித்தார்.

தீர்த்தகிரி வெளியே வந்தார். "மறுபடியுமாய்யா? டெல்லி வரைக்கும் போயிட்டியே. பைல்ல இருக்கறதத்தான் நான் எழுத முடியும்."

"சார், நான் ஒக்காந்திருக்கற பெஞ்சு எதுங்க?"

"அது... வர்றவங்க ஒக்கார்றதுக்குப் போட்டது. ஆபீஸ் பெஞ்சு."

"ரிஜிஸ்டர்ல இருக்குதுங்களா?"

தீர்த்தகிரி உள்ளே தன் மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"இருக்குதுன்னா, எப்ப வந்துச்சு, யாரு குடுத்ததுன்னு அதுல இருக்குமுங்க. இல்லீன்னா இது ஆபீஸ் பெஞ்சு இல்லீங்க."

"அதெல்லாம் உன்கிட்டச் சொல்லணும்னு எனக்கு அவசியமில்ல" என்றார் அவர்.

"அவசியமில்லையா? அஞ்சு வருஷமா ஒரு மனுஷன் பொழப்பு மேல ஒக்காந்துகிட்டு அவசியமில்லையா!" என்று நான் கத்தினேன். உள்ளே டைப் சத்தம் நின்றது. வழக்கம்போல "டீச்சர், மெதுவாங்க" என்று சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. அவர் எழுந்து, "ஆயா, கொஞ்சம் எந்திரிங்க" என்று கிழவிகளிடம் சொன்னார். பெஞ்சைத் தூக்கித் தோளில் வைத்தார்.

"யோவ், ஆபீஸ் சாமானத் தூக்கிட்டு எங்கய்யா போற?"

"ஆபீஸ் சாமான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். எறக்கி வச்சிட்டுப் போயிர்றன்."

தீர்த்தகிரி பியூனைப் பார்த்தார். பியூன் தரையைப் பார்த்தார். அப்புறம் சூப்பிரண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் வராந்தாவைக் கடந்து படியிறங்கினார். கேட் வரைக்கும் ஐம்பது அடி இருக்கும். அதற்குள் இரண்டு தடவை பெஞ்சை இறக்கி வைத்துத் தோள் மாற்றினார். வெளியே வந்ததும் எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"நல்லாக் குடுத்தீங்கண்ணா! ஒருத்தன் வாயத் தொறந்தானா பாத்தீங்களா?"

அவர் முகத்தில் சிரிப்பில்லை. "அதாங்க டீச்சர் போச்சு. யாராச்சும் ஓடியாந்து புடிப்பாங்கன்னுதான் அவ்வளவு மெதுவா நடந்தன். ஆபீஸ் பெஞ்சத் திருடினான்னு போலீசுல எழுதிக் குடுத்திருந்தாக்கூடப் போதுமுங்களே. இந்த பெஞ்சு அங்க இருந்துச்சுன்னு ஒரு பேப்பராவது கெடைச்சிருக்கும்."

பஸ் ஸ்டாண்டில் மொரப்பூர் வண்டி நின்றுகொண்டிருந்தது. பெஞ்சை மேலே ஏற்றிக் கட்டியதும், கண்டக்டர் ஒரு லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். அண்ணன் அதைத் திருப்பி அவரிடமே கொடுத்தார்.

"பின்னால, பெஞ்சு ஒண்ணுன்னு எழுதுங்க. தர்மபுரியில ஏத்தினதுன்னும் எழுதுங்க."

"எதுக்குய்யா?" என்றார் கண்டக்டர்.

"எழுதுங்க சார், புண்ணியமாப் போவும்."

கண்டக்டர் என்னைப் பார்த்தார், ஆள் சரியில்லையோ என்று கேட்கிற மாதிரி. பிறகு காதிலிருந்த பென்சிலை எடுத்து எழுதிக் கொடுத்தார். அண்ணன் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.