டேப் கிழிந்த அன்று

என் பெண்டாட்டியின் தங்கைக்கு நான் நாற்பதாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தேன். வளையலை அடகு வைத்துக் கொடுத்தாள். ஆபரேட்டர் என்றுதான் அவளைக் கூப்பிடுவோம். பீரோ உயரத்துக்கு நிற்கும் மினி கம்ப்யூட்டரில் ஒரு பெரிய ஆபீசின் சம்பளக் கணக்கைப் பல வருஷம் ஓட்டியவள். அதே மாதிரி மிஷின் ஒன்று பழைய இரும்புக்குப் போகிறது என்று தெரிந்ததும் என்னிடம்தான் ஓடிவந்தாள். வேறு யாரிடம் போவாள்? நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன்தான். ஆனால் மோட்டார் காயில் கட்டுவதில் என்னை அடிக்க ஆள் கிடையாது. கரண்ட் பக்கம் நான், மூளைப் பக்கம் அவள் என்று பிரித்துக்கொண்டோம். மிஷினை என் பேரில் வாங்கி, "பணம் என் கடன்" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டேன்.

பழுதுபார்த்து முடித்ததும், பழைய மிஷின்களைக் காட்சிக்கு வைக்கும் கண்காட்சிக்கூடத்துக்காரர்கள் என் பட்டறைக்கே பார்க்க வந்தார்கள். ஓடினால் வாங்குவார்கள். மீட்காவிட்டால் மறுநாள் அவள் வளையல் ஏலத்துக்குப் போய்விடும்.

கரண்டை மெதுவாக ஏற்றினேன். விசிறிகள் இரைந்தன. புரோகிராமை ஓட்டை ஓட்டையாகக் குத்தி வைத்திருந்த காகித டேப்பைத் தூக்கி, "இந்த ஓட்டைதான் சார் எல்லாமே" என்று வந்திருந்த அதிகாரியிடம் நீட்டினேன். நடுவில் கிழிந்தது. இருந்ததே அது ஒன்றுதான்.

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார்.

ஆபரேட்டர் என் காதருகில் வந்தாள். "நேத்து ஓட்டினது உள்ளேயே இருக்கும். கரண்ட் போனாலும் அழியாது. நிறுத்துற சுவிட்சைப் போட்டுட்டுத்தானே அணைச்சீங்க, அத்தான்?"

ஓடும்போதே அணைத்தால் உள்ளே இருப்பது குழம்பிவிடும். ஒரு வருஷமாக அவள் என்னிடம் பாடும் பாட்டு அது.

"என்னை யாருன்னு நினைச்சே?" என்றேன். நேற்று பெண்டாட்டி சாப்பிடக் கூப்பிட்ட கூப்பாடு மட்டும்தான் ஞாபகத்தில் இருந்தது.

அவள் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டினாள். கடைசியாக ஓட்டும் பொத்தானை அழுத்தினாள். விளக்குகள் அப்படியே நின்றன. என் மூச்சும்தான். பிறகு அவை ஓடத் தொடங்க, அச்சு மிஷின் படபடவென்று ஒரு சம்பளச் சீட்டை அடித்துத் தள்ளியது.

அதிகாரி எட்டிப் படித்தார். "என் சம்பளத்தையும் இதுலயே போடச் சொல்லணும்" என்றார்.

முன்பணம் அங்கேயே கைக்கு வந்தது. ஆபரேட்டர் உள்ளங்கையை நீட்டினாள்.

"வட்டி?"

"அந்த சுவிட்சைப் போட்டேனே, அதுதான் வட்டி."

"நிஜமா போட்டீங்களா அத்தான்?"

"எண்ணும்போது பேசாதே" என்று சொல்லிவிட்டு, கடைசி நோட்டையும் அவள் கையில் வைத்தேன்.