வெள்ளை சாட்டின் பித்தான்கள்

என் கணவர் பேதியில் போன பிறகு நான் தம்பி வீட்டில் இருந்தேன். தம்பி வெள்ளைக்காரர்கள் நடத்திய சுரங்கத்தில் வேலை பார்த்தான். துரைமார் பங்களாக்களுக்கு நாற்காலியும் சோபாவும் செய்து கொடுத்த ஒரு மேஸ்திரியின் கொட்டகையில், பித்தானுக்குத் துணி கட்டும் வேலை எனக்கு. மெத்தையை ஆங்காங்கே குழிய இழுத்துப் பிடிக்கும் பித்தான்கள்.

முதலில் நான் கட்டியவை நிற்கவில்லை. கனத்த ஆள் சாய்ந்தால் துணி கிழிந்து பித்தான் பிய்ந்து வந்துவிடும். உள்ளே வைக்கிற தகர வில்லையின் ஓரம் துணியை அறுத்துக்கொண்டே இருந்ததுதான் காரணம். பிறகு அந்த ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்கி, மேலே பழைய கம்பளித் துண்டைப் போர்த்தி, அதற்கு மேல் துணியைச் சுருக்கிக் கட்டினேன். பின்பக்கம் கம்பி வளையம் வைக்காமல் கித்தான் என்கிற முரட்டுத் துணியை மடித்துத் தைத்தேன். மெழுகு தேய்த்த நூல் அதற்குள் நுழைந்து போகும். அதற்கப்புறம் கிழிந்ததென்று எந்த பங்களாவிலிருந்தும் நாற்காலி திரும்பி வரவில்லை.

ஒருநாள் காலை ஷிப்டில் கீழே பாறை சரிந்தது. சுரங்கத்தின் ஆபத்துச் சங்குச் சத்தம் கேட்டு நானும் தம்பி மனைவியும், ஆட்கள் கீழே இறங்கும் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடினோம். காவல்காரர்கள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஆள் ஏற்றி இறக்கும் கேஜில் முதலில் மேலே வந்தது, பாறை சரிந்த லெவலில் மேற்பார்வை பார்த்த துரையின் பிணம். தம்பியும் அவனோடு நின்றவர்களும் பாறைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

மேஸ்திரி கூட்டத்தில் என்னைத் தேடி வந்தார்.

“தொரைக்குப் பொட்டி செய்யணும்மா. உள்ள பூரா வெள்ளை சாட்டின்ல மெத்தை வெச்சு பித்தான் போடணுமாம். சாயங்காலமே அடக்கம்.”

“என் தம்பி உள்ள கீறான் மேஸ்திரி.”

“தெரியும்மா. இங்க நின்னு இன்னா பண்ணப் போற? மேல வந்தா ஆள் அனுப்பச் சொல்றேன்.”

“போவாதீங்க அண்ணி” என்றாள் தம்பி மனைவி.

நான் போனேன். தம்பி வராவிட்டால் எங்கள் இருவருக்கும் அந்தக் கொட்டகைதான் சோறு என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது.

சாட்டினில் வியர்வை படக் கூடாதென்று கையைத் துடைத்துத் துடைத்துக் கட்டினேன். “மண்ணுக்குள்ள போறதுதானே, கம்பளியும் கித்தானும் எதுக்கு? சும்மா இழுத்துக் கட்டு” என்றார் மேஸ்திரி. என் கைக்கு வேறு மாதிரி வரவில்லை. நாற்காலிக்குக் கட்டுவதைப் போலவே எல்லாவற்றையும் கட்டினேன். ஒவ்வொரு முடிச்சுக்கும் வாசலைப் பார்த்தேன்.

பெட்டி வண்டியில் ஏறிய சற்று நேரத்தில் எங்கள் லைன் வீடுகளில் இருந்த ஆள் ஒருவர் வந்து நின்றார். நான் ஓடினேன்.

தம்பியைச் சாக்கில் கிடத்தி மூடியிருந்தார்கள். முகத்தைத் திறக்க விடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி என் சேலையில் ஒட்டியிருந்த வெள்ளை நூலை எடுத்துப் பார்த்தாள்.

“பொட்டிக்குள்ள மெத்துனு கீதா அண்ணி?”

குரலில் கோபமே இல்லை.

மேஸ்திரி யாரும் கேட்காமலே மிச்சமிருந்த பஞ்சையும் சாட்டினையும் கொண்டுவந்தார். பாடையில் விரிக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். வீட்டுக்குப் போய்த் தன் கல்யாணச் சேலையை எடுத்துவந்து அதை விரித்தாள்.

கருமாதி முடிந்ததும் அவளை அழைத்துப்போக வேலூர்ப் பக்கத்திலிருந்து அவள் அப்பா வந்தார். வண்டியில் ஏறும் முன் என்னிடம் வந்தாள்.

“நீங்க போனது தப்புன்னு சொல்லல அண்ணி. நான் அங்க தனியா நின்னேன். அவ்ளோதான்.”

அதற்குப் பிறகு நாங்கள் சந்திக்கவில்லை. அவளுக்கு வேறு கல்யாணம் ஆனதாகக் கேள்விப்பட்டேன், நல்லதென்று நினைத்துக்கொண்டேன். கண் மங்கும்வரை நான் அந்தக் கொட்டகைக்குப் போய்வந்தேன். ஆபத்துச் சங்கு ஊதும்போதெல்லாம் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஷாஃப்ட் வாசலுக்குப் போய் நிற்பேன், உள்ளே எனக்கென்று யாரும் இல்லாவிட்டாலும்.