அன்றைக்கே திரும்பிவரும் வெளிநாடு

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், மாசாயில் இருக்கும் எங்கள் வீட்டின் இரும்புக் கேட்டில் சித்தப்பாவின் மழைக்கோட்டு தொங்கினால் அவர் சிங்கப்பூரிலிருந்து திரும்பிவிட்டார் என்று பொருள். அப்பாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் கடற்பாலம் கடந்து கப்பல் பட்டறைக்குப் போவார். இருட்டிய பின் வருவார். ஞாயிற்றுக்கிழமைகளில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். எங்கள் குடும்பத்துக்கு வெளிநாடு என்றால் அதுதான்: போனவர் அன்றைக்கே வீடு வந்து சேரும் இடம்.

ஆகவே, ஜெர்மனியில் கணினி அறிவியல் முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்த என்னை அவர் சும்மா விடவில்லை. படிக்கும்போது நான் பகுதிநேரமாக வேலை பார்த்த சிறு நிறுவனம் அங்கேயே நிரந்தர வேலை தந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இதற்கிடையில் சிங்கப்பூரிலிருந்தும் நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சம்பளம், விசா, மொழி என்று வரிசையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். முடிவு வரவில்லை. சித்தப்பாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை.

"சம்பாத்தியம் சிங்கப்பூர்ல, சோறு நம்ம வீட்ல. இதுக்கு மேல என்னா லா வேணும்?"

"அந்தக் குளிர்ல யாரு இவளுக்கு ரசம் வச்சுக் குடுப்பா?" என்று அம்மாவும் சேர்ந்துகொண்டார்.

நேர்காணலுக்குப் பஸ்ஸில் போகிறேன் என்றேன். "வேல கெடச்சா தெனம் இதுதானே, பழகிக்க. ஏறும்மா மோட்டார்ல," என்று விடியுமுன்பே ஏற்றிக்கொண்டார்.

எல்லைச் சோதனைச் சாவடியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. மழை வேறு. சுற்றிலும் புகையும் ஹாரனுமாக இருக்க, எனக்கு முன்னால் சித்தப்பாவின் தலை மெல்லச் சாய்ந்தது. கால்களைத் தரையில் ஊன்றியபடியே தூங்கிவிட்டார். "அண்ணே, வரிசை நகருது!" என்று பக்கத்து வண்டிக்காரர் சிரித்துக்கொண்டே தட்டினார். சித்தப்பா திடுக்கிடக்கூட இல்லை. கண்ணைத் திறந்து வண்டியை உருட்டினார்.

சிங்கப்பூர்ப் பக்கத்து ரயில் நிலையத்தில் இறங்கும்போது, "தினமும் இப்படித்தானா சித்தப்பா?" என்று கேட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"தெனம் வீட்டுக்கு வந்துடறேன்னு பெருமையா சொல்லிக்கிறேன். தூங்கத்தாம்மா வர்றேன். நீ போய் நல்லாப் பேசு. ஆனா எனக்காக இங்க வராத."

நேர்காணல் நன்றாகவே போனது. ஆனாலும் வெள்ளிக்கிழமை ஜெர்மனிக்குத்தான் சம்மதம் அனுப்பினேன். அம்மா கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இங்கே ஜெர்மனியில் எல்லாம் எளிதில்லை. மொழி இன்னும் தடுக்குகிறது. ரசம் நான்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் வேலை மாலையில் முடிந்துவிடுகிறது. விடுப்பு விடுப்பாகவே கிடைக்கிறது. சென்ற ஆண்டு நீண்ட விடுப்பில் மாசாய்க்குப் போனேன். நான் வருகிறேன் என்று சித்தப்பாவும் விடுப்பு எடுத்திருந்தார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹாலில் உட்கார்ந்திருந்தோம். ஜன்னல் வழியே வெயில் தரையில் பரவி அவர் பாதம்வரை வந்தது. வீட்டுக்குப் புதிதாக வந்தவர்போல் சுற்றிப் பார்த்தார்.

"அண்ணி, நம்ம வீட்ல மத்தியானத்துல இவ்வளவு வெளிச்சம் வருமா?"

"வாங்குன நாள்லேர்ந்து வருது தம்பி," என்றார் அம்மா. "நீங்கதான் வரல."