வேம்புலிக்கு ஒரு சீட்

பேபிக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் அவள் ஜாக்கெட்டுக்கு முழங்கை தாண்டித்தான் கை வைத்துத் தைத்தேன். மற்ற பெண்கள் எல்லாம் சினிமாக்காரிகளைக் காட்டி, கையைக் குட்டையாக்கு, இன்னும் குட்டையாக்கு என்று என் உயிரை வாங்கிய காலம் அது. அவள் மட்டும், "இன்னும் ரெண்டு விரக்கடை நீட்டிடு ஜமீலாக்கா" என்பாள். அளவெடுக்கும்போது நான் பார்ப்பேனே. தோளிலிருந்து முழங்கை வரை பழைய அடி மஞ்சளாகவும் புது அடி கருநீலமாகவும் இருக்கும். அவள் புருஷன் வேம்புலி ரசனையோடு அடிக்கிறவன். கைக்குக் கிடைத்ததை வைத்து அடிக்க மாட்டான். தேடி எடுத்து வந்து அடிப்பான்.

அம்பத்தூரில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு அவர்களுடையது. பேபியின் அம்மா அந்தப் பக்கம் கூலிக்கு நாற்று நட்டவள். வயலெல்லாம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டாக மாறி ஷெட் எழும்பியதும் பேபி ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போனாள். இரும்புத் துண்டுகளின் பிசிறை அரத்தால் ராவி எடுக்கும் வேலை. அவள் உள்ளங்கையைத் தொட்டால் நம் கை கீறிக்கொள்ளும். வேம்புலி வேறொரு பட்டறையில் வெல்டர். வேலையில் கெட்டிக்காரன் என்று எல்லோரும் சொல்வார்கள். கெட்டிக்காரத்தனத்தைக் கொண்டுபோய்க் குப்பையில் போடு.

தெருவில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும். சத்தம் கேட்டதும் வரிசையாகக் கதவைச் சாத்துவார்கள். நான் தையல் மிஷினை நிறுத்துவேன். என்னால் ஆனது அவ்வளவுதான். சத்தம் ஓய்ந்த பிறகு மஞ்சளும் வெந்நீரும் எடுத்துக்கொண்டு போவேன்.

ஒருநாள் குழம்பில் உப்பு கூடிவிட்டது. மகள் நாகவல்லியை இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாகக் கிணற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றான். "இன்னொரு தபா இப்டி ஆக்குவியாடி?" பேபி அவன் காலில் விழுந்து கிடந்தாள். குழந்தை அழக்கூட இல்லை; மூச்சு நின்றதுபோல் தொங்கியது. மறுநாளே பேபி குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோவில்பதாகையில் அண்ணன் தேவராஜ் வீட்டுக்குப் போய்விட்டாள். வேம்புலி பின்னாலேயே போனான். கதவை உடைத்து, சைக்கிள் செயினைச் சுழற்றி தேவராஜின் முகத்தில் விட்டான். தேவராஜுக்கு அன்றோடு ஒரு கண் போயிற்று. பேபி தானாகவே நடந்து திரும்பி வந்தாள்.

"எங்க போனாலும் வந்துடறான் அக்கா. பஸ்ஸு போற தூரத்துல இருந்தா ஆவாது. நடுவுல கடல் வேணும்" என்று அன்று என்னிடம் சொன்னாள்.

அப்போது எழுபத்தேழாம் வருஷம். எஸ்டேட்டில் எங்கே பார்த்தாலும் துபாய்ப் பேச்சு. வெல்டர் என்றால் கொத்திக்கொண்டு போகிறார்கள் என்றார்கள். பேபி நகையை விற்றாள், அவன் காதில் ஓதினாள், நீ போனால் ராஜாதான் என்று ஏற்றிவிட்டாள். தெருவே அவளை மெச்சியது: அடி வாங்கினாலும் புருஷன் முன்னேறணும் என்று நினைக்கிறாளே, பெண் என்றால் இவள் என்று. எனக்கு மட்டும் தெரியும், அவள் வாங்கப் போவது புருஷனுக்கு வேலையல்ல, தனக்கும் குழந்தைக்கும் உயிர்.

பூந்தமல்லியில் மாடியில் ஆபீஸ் வைத்திருந்த கங்காதரன் என்ற ஏஜெண்டு எல்லாம் செய்து கொடுத்தான். சின்னப் புத்தகம்போல ஒரு விமான டிக்கெட் கைக்கு வந்தது. விசாவுக்குத் திரும்பி வரும் டிக்கெட்டும் காட்டியாக வேண்டுமாம், அதனால் போக ஒரு தாள், வர ஒரு தாள்.

வழியனுப்பு என்றால் எங்கள் பக்கத்தில் சாதாரணமாகச் செய்ய மாட்டார்கள். ஸ்டுடியோவில் போட்டோ, பிரியாணி, ரோஜா மாலை, ஆட்களை அடைத்து ஒரு வேன். மீனம்பாக்கம் ஏர்போர்ட்டில் வேம்புலி மாலையோடு கவுண்டரில் போய் நின்றான். அங்கிருந்தவர் டிக்கெட்டைப் புரட்டிவிட்டு, "உங்களுக்கு சீட் இல்லையே" என்றார்.

"டிக்கெட்டு கீதே சார்?"

"டிக்கெட் இருக்கு. சீட் இல்லை. பாருங்க, ஆர்.கியூ.ன்னு போட்டிருக்கு. விமானம் நிரம்பிப் போச்சு."

"பரவால்ல சார், நின்னுகினு வர்றேன். ஆவடி பஸ்ஸுல தொங்கிகினே வேலைக்குப் போறவன் நானு."

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்புக்கு விலை கொடுக்கப் போகிறவள் யார் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. போன வேனிலேயே திரும்பினோம். மாலை போட்டு அனுப்பியவன் மாலையோடு திரும்பி வந்து இறங்கினால் தெரு சும்மா இருக்குமா? "இன்னா மாமே, துபாய் அதுக்குள்ள முடிஞ்சிட்ச்சா?" என்று ஒருவன் கேட்டான்.

வேம்புலி பேபியின் கையைப் பிடித்து இழுத்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். புதுப் பெட்டியின் தோல்வாரைக் கழற்றி, இரும்புக் கொக்கி வெளியே இருக்கும்படி கையில் சுற்றிக்கொண்டு அடித்தான். நான் போனபோது சுவரில் ரத்தம், தரையில் ரோஜா இதழ், நடுவில் பேபி. முன்பல் இரண்டு போயிருந்தது. நாகவல்லி அரிசிக் குதிருக்குப் பின்னால் ஒளிந்திருந்தாள். பேபி வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "ஆர்.கியூ.ன்னா இன்னாக்கா?" என்று கேட்டாள்.

"அவனே அந்த ஏஜெண்டைக் குத்திப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போகட்டுமேடி. உனக்கும் விடுதலைதானே?" என்றேன். கோபத்தில்தான் சொன்னேன்; ஆனால் மனதாரச் சொன்னேன்.

"வேலூர் ஜெயிலும் பஸ்ஸு போற தூரந்தான்" என்றாள்.

மறுநாள் வீங்கிய முகத்தோடு, டிக்கெட்டை முந்தானையில் முடிந்து, என்னையும் இழுத்துக்கொண்டு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினாள். இடுப்பில் பட்டறையிலிருந்து எடுத்து வந்த முக்கோண அரம். படிக்கட்டு நெடுக ஆம்பிளைகள் டிக்கெட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். கங்காதரன் மாங்காட்டு அம்மன் காலண்டருக்குக் கீழே உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். நெற்றியில் விபூதி பளபளத்தது. இந்த மாதிரி ஆட்களின் நெற்றி எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும்.

"அவசரப்படாதம்மா. பாரு, ஒய்ன்னா சாதாரண வகுப்பு. எஃப்ன்னா முதல் வகுப்பு. பக்கத்துக் கட்டத்துல ஓ.கே.ன்னு இருந்தா சீட் உனக்கு. ஆர்.கியூ.ன்னா நாம கேட்டிருக்கோம், அவங்க இன்னும் குடுக்கலைன்னு அர்த்தம்."

"கேட்டதுக்கேவா முழுத் துட்டும் வாங்கிகினே?"

"வந்துடும்மா. நிறைய பேரு காத்துகிட்டு இருக்காங்க. மேல கொஞ்சம் பார்த்துச் செஞ்சா உன்னுதை முன்னால தள்ளலாம்."

பேபி அரத்தை எடுத்தாள். மேஜைமேல் இருந்த அவன் விரல்களுக்கு நடுவே ஒரே குத்து. பலகைக்குள் இறங்கி அரம் நடுங்கிக்கொண்டு நின்றது. கங்காதரன் வெற்றிலையை விழுங்கிவிட்டான்.

"இப்ப சொல்லு. இந்த வாரம் சீட்டு கீதா?"

அவன் போன் போட்டான். ஒய் இந்த வாரமும் இல்லை, அடுத்த வாரமும் இல்லை, மாசம் முழுக்க இல்லை. எஃப் மட்டும் காலி, அது எப்போதுமே காலிதான் என்றான்.

"காலியா கீறதுல குந்த வெய்யி."

"அது பெரிய மனுஷங்க போறதும்மா. ரெண்டு மடங்குக்கு மேல ஆவும்."

"நீ கட்டு."

அவன் சிரித்தான். அது அவன் செய்த தப்பு. பேபி படிக்கட்டுப் பக்கம் திரும்பி, பட்டறை இரைச்சலில் பேசிப் பழகிய குரலில் கத்தினாள்: "யோவ், அல்லாரும் டிக்கெட்ட தொறந்து பாருங்கய்யா! ஆர்.கியூ.ன்னு போட்டிருந்தா உனக்கு சீட்டே கெடையாது! ஏர்போட்டுல கழுத்தப் புடிச்சுத் தள்ளிடுவான்!"

தாள் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லோருக்கும் ஆர்.கியூ. திருநின்றவூரிலிருந்து செங்கல்வராயன் என்று ஒருவர் வந்திருந்தார். மனையை விற்று, வழியனுப்புச் சாப்பாடும் போட்டு முடித்துவிட்டு வந்தவர். "என் சொத்தே போச்சேடா, கஸ்மாலம்" என்று அலறிக்கொண்டு அவர்தான் முதலில் பாய்ந்தார். பின்னால் மொத்தக் கூட்டமும் பாய்ந்தது. பீரோ சாய்ந்தது. கண்ணாடி உடைந்தது. நாற்காலியின் கால்களைப் பிடுங்கிக்கொண்டு அடித்தார்கள். கங்காதரன் மேஜைக்கு அடியில் புகுந்தான். காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். அவன் மண்டை உடைந்து விபூதியெல்லாம் சிவப்பாயிற்று. எனக்குத் துளியும் இரக்கம் வரவில்லை.

ஆனால் பேபி என்ன செய்தாள் தெரியுமா? பலகையிலிருந்து அரத்தைப் பிடுங்கிக்கொண்டு அவனுக்குக் குறுக்கே போய் நின்றாள். "கிட்ட வந்தா சொருவிடுவேன்! இவன் செத்தா என் சீட்ட எவன் எழுதுவான்?" செங்கல்வராயன் நிற்கவில்லை. கட்டையை ஓங்கிக்கொண்டு வந்தார். அவள் அவர் முன்கையில் குத்தினாள். அந்த மனிதர் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். கூட்டம் நின்றுவிட்டது.

அவர் பேரில் ஒரு தப்பும் இல்லை. அது பேபிக்கும் தெரியும். "அவுரு மூஞ்சி கண்லயே நிக்குதுக்கா" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனாலும் அன்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கங்காதரனின் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, மேஜை டிராயரிலிருந்த பணத்தையெல்லாம் எடுக்கச் சொல்லி, தலையில் துண்டைக் கட்டி, டாக்ஸியில் ஏற்றினாள். மவுண்ட் ரோடு விமானக் கம்பெனி ஆபீஸ் வரை அவன் விலாவில் அரத்தின் முனை இருந்தது. குளுகுளு அறையில் உட்கார்ந்திருந்த பெண் ரத்தம் ஊறிய துண்டைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்கவில்லை. புது டிக்கெட் எழுதினாள். வகுப்புக் கட்டத்தில் எஃப். அதன் பக்கத்தில் ஓ.கே. பேபி அந்த இரண்டு எழுத்தையும் விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். பின்னால் இருந்த தாளில் அந்தப் பெண் என்ன எழுதினாள் என்று அவளும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

இந்த முறை மாலை இல்லை, வேன் இல்லை. நாங்கள் மூன்று பேர் மட்டும். முதல் வகுப்பு என்றதும் வேம்புலிக்குத் தலைகால் புரியவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஏர்போர்ட் வாசலில் பேபி போட்டுக் கொடுத்த ஊறுகாய் பாட்டில் கசிந்து அவன் சட்டையில் எண்ணெய் பட்டது. அத்தனை பேர் நடுவில் பேபியின் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். "வந்து வெச்சுக்கறேன்டி உன்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். அவள் கன்னத்தைத் தொடக்கூட இல்லை. அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விமானம் ஏறி மேகத்துக்குள் போன பிறகும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கவுண்டர்காரரிடம் ஓடினாள். "சார், நடுவுல எங்கனா எறங்கிகினு வந்துட முடியுமா?"

"முடியாதும்மா. இறங்கினா அங்கதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. அத்தனை வருஷத்தில் அவள் அடி வாங்காமல் அழுததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொண்டேன்.

அந்தக் கவுண்டர்காரர் நல்ல மனிதர். புருஷனைப் பிரிந்து அழுகிறாள் என்று நினைத்து எழுந்து வந்தார். "அழாதீங்கம்மா. சாதாரண வகுப்புல போனவங்கதான் திரும்பி வர சீட் கிடைக்காம மாசக்கணக்குல தவிப்பாங்க. உங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கவலையே இல்லை. அவர் திரும்பி வர்ற டிக்கெட்டும் எஃப். தேதி போடாத டிக்கெட். முதல் வகுப்பு எப்பவும் காலியாத்தான் இருக்கும். காலையில உங்களை நினைச்சார்னா ராத்திரி வீட்டுல இருப்பார்."

பேபியின் அழுகை நின்றது. பிறகு எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா அக்கா" என்றாள். பஸ்ஸில் உட்கார்ந்ததும் இடுப்பிலிருந்து அரத்தை எடுத்து முனையைக் கட்டைவிரலால் பார்த்தாள். மேஜையில் குத்தியதில் மழுங்கியிருந்தது.

"நம்ம தெருவுக்கு சாணை புடிக்கிறவன் என்னிக்கு வருவான்?" என்று கேட்டாள்.

வருஷம் முடிவதற்குள் வேம்புலி வந்துவிட்டான். அங்கே மேஸ்திரியை அடித்துவிட்டானாம். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சாயங்காலம் டாக்ஸியில் வந்து இறங்கினான். அதே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். வாசலில் நின்ற நாகவல்லியைக் காலால் தள்ளிவிட்டு உள்ளே போனான். குழந்தை ஓடி வந்து என் மடியில் ஏறிக்கொண்டது. தெருவில் வழக்கம்போலக் கதவுகள் சாத்தப்பட்டன. கொஞ்ச நேரத்தில் அலறல் கேட்டது. அவன் குரல்.

நான் மிஷினை நிறுத்தவில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். வலது கைதான் பிறகு தோளுக்கு மேலே எழவே இல்லை. அந்தத் தீபாவளிக்குப் பேபி துணி கொண்டு வந்தாள். அளவு நாடாவை எடுத்தேன். "கை குட்டையா வெய்யி அக்கா" என்றாள்.