எட்டாம் தேதி

டாக்டர் பியோ யாருக்கும் கெடுதல் நினைக்காத மனிதர். அதனால்தானோ என்னவோ, அந்த ஒரு தாள் அவரை இப்படிப் பிடித்து ஆட்டுகிறது.

நவம்பர் இருபது, திங்கட்கிழமை. அந்தக் கொரியக் கடலோர ஊரின் கிளினிக்குக்கு வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள். கடல் வற்றும் நேரத்தில் சேற்றில் இறங்கிச் சிப்பி எடுக்கும் கிழவர் மா தொக்-சுவை, நகரத்திலிருந்து வந்த மகன் இழுக்காத குறையாக உள்ளே கூட்டி வந்தான். கிழவர் இரண்டு தடவை அடுப்பை அணைக்க மறந்துவிட்டாராம். மறதி நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடுவானாம்.

“எனக்கு ஒண்ணுமில்ல டாக்டர். இவனுக்குத்தான் அவசரம். சீக்கிரம் பாத்துட்டு அனுப்புங்க, வீட்ல வேலை கெடக்கு.”

“இன்னிக்கு என்ன தேதி, பெரியவரே?”

“எட்டு.”

“மாசம்?”

“பத்து. இதையெல்லாமா கேப்பாங்க?”

“நாம இப்ப எங்க இருக்கோம்?”

“ஐஸ் கம்பெனியில.”

மகன் உச்சுக் கொட்டினான். டாக்டர் மறதிச் சோதனைத் தாளில் மூன்று பெருக்கல் குறி போட்டார். மரம், கார், தொப்பி என்று சொல்லிவைத்துக் கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டபோது, தொப்பி நழுவிவிட்டது. இத்தனைக்கும் தொப்பி கிழவரின் மடியில்தான் இருந்தது. கூட்டிப் பார்த்தால் தேவைக்கு மூன்று மார்க் குறைவு. அந்த வாரமே மகன் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

டிசம்பர் கடைசியில் ஒருத்தி இருமலோடு வந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்டால், “நாலாந் தண்ணியிலேர்ந்து” என்றாள். சியோலிலிருந்து வந்து இரண்டே வருடமான டாக்டர் சிரித்துவிட்டார். உள்ளூர்க்காரியான நர்ஸ் ஓக்-பூன் சிரிக்கவில்லை.

“சேத்துல எறங்குறவங்களுக்கு நெலாக் கணக்குதான் டாக்டர். கடல் ஏறி வத்துற ஒவ்வொரு நாளும் ஒரு தண்ணி. உங்க தேதியைப் பாத்தா கடல் வத்துது? காலண்டர் உங்க முதுகுக்குப் பின்னாலதான் தொங்குது. பெரிய நம்பருக்குக் கீழ பொடிசா நெலாத் தேதி போட்டிருக்கான், திரும்பிப் பாருங்க.”

டாக்டர் டிசம்பர் தாளைப் பின்னால் திருப்பினார். நவம்பர் இருபதுக்குக் கீழே பொடி எழுத்தில்: பத்தாம் மாதம், எட்டு.

“இந்தக் கட்டடம் முன்னாடி என்னவா இருந்துச்சு?” என்று கேட்டார்.

“ஐஸ் கம்பெனி. எங்கம்மா இன்னும் அப்படித்தான் சொல்லும்.”

அதற்குப் பிறகு யாரிடம் தேதி கேட்டாலும், அவர்கள் வாய் திறப்பதற்குள் “எட்டு” என்று காதருகே ஒரு குரல் கேட்டுவிடும். பயந்துகொண்டே மூன்று மாதத்தைக் கடத்தினார். மார்ச்சில் புதுத் தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனார். எல்லாம் தேறினால் மகனிடம் பேசிக் கிழவரை வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டார்.

கிழவர் வெளுத்து, நறுவிசாக முடி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அன்றைய தேதி எழுதிய கரும்பலகை. ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம்.

“மார்ச் பதினெட்டு, திங்கக்கிழமை. இது முதியோர் இல்லம், ரெண்டாவது மாடி. மரம், கார், தொப்பி.” கேட்பதற்கு முன்பே ஒப்பித்து முடித்துவிட்டு, “சரியா டாக்டர்? தெனமும் படிக்கிறேன். எப்ப வீட்டுக்கு?” என்றார்.

டாக்டருக்குக் கண் நிறைந்துவிட்டது. கிழவரின் கையைப் பிடித்துக்கொண்டு, சந்தோஷத்தில் தாளில் இல்லாத ஒன்றைக் கேட்டார்.

“பெரியவரே, இன்னிக்கு எத்தனாவது தண்ணி?”

கிழவர் பலகையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். விரல்களை மடக்கி, விரித்து, மறுபடி மடக்கினார். முகம் மெல்லக் கலங்கியது.

“அதுவும் பரீட்சையில வருமா டாக்டர்? நான் படிக்கலையே.”